கால்களுக்கு வாசிக்கிறவர்கள்: இங்கிலாந்து நாட்டுப்புற நடன பேண்ட் பற்றி ஒரு எளிய அறிமுகம்

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இங்கிலாந்தில் ஊர்ப் பொது மண்டபத்திலோ பள்ளிக்கூட ஹாலிலோ கல்யாண வரவேற்பிலோ, பத்து வயதுப் பையனிலிருந்து எண்பது வயதுப் பாட்டி வரை எல்லாரும் சேர்ந்து ஆடுகிற நடன மாலைக்கு 'கேலி' என்று பெயர். அதை ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தால் யாருக்கும் இப்படி வாசிக்கத் தோன்றாது, ஏனென்றால் அது ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பக்கத்து கேலிக் மொழிச் சொல், இங்கிலாந்துக்காரர்கள் கடன் வாங்கிக்கொண்டது. நம் காதில் கேலி கிண்டல் என்கிற கேலியாகத்தான் விழும். முதல் தடவை ஆட வந்தவர்கள் இடது வலது தெரியாமல் முட்டிக்கொள்வதைப் பார்த்தால் அந்த அர்த்தமும் பொருந்திவிடும். 'பார்ன் டான்ஸ்' என்றும் சொல்வார்கள், கிட்டத்தட்ட அதேதான்.

இது மேடையில் தேர்ந்தவர்கள் ஆட மற்றவர்கள் உட்கார்ந்து பார்க்கிற நடனம் இல்லை. வந்தவர்கள் எல்லாரும் ஆடுவார்கள். ஆடத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை, மைக் பிடித்த ஒருவர் அந்த இடத்திலேயே சொல்லிக் கொடுப்பார். அவருக்கு 'காலர்' என்று பெயர், கூப்பிடுகிறவர் என்ற பொருளில். கால்களை மேய்க்கிறவர் என்று நாம் வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் வாத்தியங்களோடு இருப்பார்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிற மாதிரிதான் தெரியும், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். சின்ன வயதில் நாலு வருஷம் கர்நாடக வயலின் கற்றுக்கொண்டவன் என்கிற தைரியத்தில், இங்கே ஒரு ஊர் பேண்டில் ஓரமாக உட்கார இடம் கேட்டேன், கொடுத்தார்கள். அப்புறம்தான் தெரிந்தது, இது காதுக்கு வாசிக்கிற வேலை இல்லை, காலுக்கு வாசிக்கிற வேலை.

அது என்ன என்று புரிய ஒரு நடனத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். நாலு ஜோடி, எதிரெதிராக இரண்டு வரிசையில் நிற்கிறார்கள். இரண்டு வரிசையும் முன்னே நாலு அடி வருகிறது, பின்னே நாலு அடி போகிறது. அப்புறம் எட்டு அடியில் எதிரே இருப்பவரோடு இடம் மாறுகிறார்கள். ஆக மொத்தம் பதினாறு அடி. மறுபடி அதையே செய்து பழைய இடத்துக்கு வந்துவிடுகிறார்கள், இன்னொரு பதினாறு. இப்போது முதல் ஜோடி கைகோத்துக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே எட்டு அடியில் குதித்துக்கொண்டு போய், எட்டு அடியில் திரும்பி வருகிறது. கடைசிப் பதினாறில், முதல் ஜோடி வெளிப்பக்கமாகப் பிரிந்து வரிசைக்குப் பின்னால் நடக்க, மற்றவர்கள் பின்தொடர, கீழே போய்ச் சேர்ந்த முதல் ஜோடி கையைத் தூக்கி வளைவு கட்ட, மற்ற மூன்று ஜோடியும் அதற்குள் நுழைந்து மேலே வருகிறது. இரண்டாவதாக இருந்த ஜோடி இப்போது முதல் ஜோடி. முடிந்ததா? இல்லை, அடுத்த நொடியே அதே நடனம் புது ஜோடியோடு மறுபடி ஆரம்பிக்கிறது.

நாலு பதினாறு, அறுபத்து நாலு அடி. ஒரு பாருக்கு இரண்டு அடி என்பதால் (பார் என்பது நோட்டுத்தாளில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே இருக்கிற துண்டு) அது 32 பார். மெட்டும் சரியாக அதே அளவுதான். முதல் பகுதி எட்டு பார், அதை இரண்டு தடவை வாசிக்க வேண்டும். இரண்டாம் பகுதி எட்டு பார், அதுவும் இரண்டு தடவை. இந்தப் பகுதிகளை பேண்டுக்காரர்கள் 'ஏ', 'பி' என்பார்கள், ஒரு சுற்று என்பது ஏ-ஏ-பி-பி. இங்கிலாந்து நடன மெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த 32 பார் சட்டைக்குள்தான் இருக்கின்றன. 48 பார் மெட்டுகளும் வேறு அளவுகளும் உண்டு, ஆனால் ஆரம்பத்தில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

நிமிஷத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் போனால் ஒரு சுற்றுக்கு 32 விநாடி. நாலு ஜோடியும் தலா இரண்டு தடவை முதல் ஜோடியாக இருந்து ஆட வேண்டுமானால் எட்டுச் சுற்று, அதாவது நாலே கால் நிமிஷம். அந்த நாலே கால் நிமிஷமும் மெட்டு எங்கேயும் நிற்காது. முக்கியமான விஷயம், ஆடுகிறவர்கள் யாரும் எண்ணுவதில்லை. 'நாலு பார் போய்விட்டது' என்று மெட்டே சொல்லும். ஒரு நல்ல நடன மெட்டில் நாலாவது பாரில் ஒரு கேள்வி தொங்கும், எட்டாவது பாரில் பதில் வந்து உட்காரும். கால்கள் அதைத்தான் பிடித்துக்கொள்கின்றன.

நான் முதன்முதலில் பல்பு வாங்கியதும் இதில்தான். வழக்கமாக மெட்டை மூன்று பேர் வாசிப்பார்கள், ஒருவர் சறுக்கினால் மற்ற இருவர் மூடிவிடுவார்கள். அன்றைக்கு எங்கள் மெலோடியன்காரர் (மெலோடியன் ஒரு சின்னத் துருத்திப் பெட்டி, பின்னால் சொல்கிறேன்) ஐந்தாவது சுற்றில் மெட்டை விட்டுவிட்டு அடியில் வேறு ஏதோ அழகாகப் பின்னிக்கொண்டிருந்தார், இன்னொருவர் தண்ணீர் குடிக்கக் குனிந்தார், நான் தனியாக இருக்கிறேன் என்பதை உணர்ந்த பதற்றத்தில் ஏ பகுதியை ஒரே தடவை வாசித்துவிட்டு பி-க்குப் போய்விட்டேன். எட்டே பார்தான். ஆனால் ஹாலில் இருந்த ஆறு வரிசைகளும் இடம் மாறிக்கொண்டிருந்தபோது இசை 'நடுவே குதித்து ஓடு' என்று சொல்லிவிட்டது. பாதிப் பேர் காதை நம்பினார்கள், பாதிப் பேர் மனப்பாடத்தை நம்பினார்கள். ஓர் அம்மா தன் கணவரைத் தேடிக்கொண்டு பக்கத்து வரிசைக்கே போய்விட்டார். காலர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான், மைக்கில் ஏதோ ஜோக் சொல்லி அடுத்த சுற்றில் எல்லாரையும் பிடித்து இழுத்துக்கொண்டுவந்துவிட்டார். இடைவேளையில் மெலோடியன்காரர் திட்டவில்லை. வாசிக்கும்போது கண் எங்கே இருந்தது என்று மட்டும் கேட்டார். நோட்டுத்தாளில் என்றேன். யாராவது ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்துக்கொள், அவர்கள் காலைப் பார்த்து வாசி, எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது அங்கேயே எழுதியிருக்கும் என்றார்.

சரி, பேண்டில் யார் யார் இருப்பார்கள்? கட்டாயம் என்று எதுவும் கிடையாது. ஒரே ஒரு ஃபிடில் வைத்து ஒரு கிராமமே ஆடிய காலம் உண்டு. அதற்கும் முன்னால் ஒரே ஆள் இடது கையில் மூன்று துளைக் குழல், வலது கையில் சிறு முரசுக் குச்சி என்று இரண்டையும் சேர்த்து வாசித்தார். 1600-இல் வில் கெம்ப் என்கிற நகைச்சுவை நடிகர், ஷேக்ஸ்பியரோடு நடித்தவர், லண்டனிலிருந்து நாரிச் வரைக்கும் ஆடிக்கொண்டே போனபோது கூடவே போன முரசுக்காரர் தாமஸ் ஸ்லை. கெம்பின் பெயர் எல்லாருக்கும் தெரியும், வழி முழுக்க வாசித்துக்கொண்டு போனவர் பெயரைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. நடன இசைக்காரர்களின் கதை அன்றைக்கே இப்படித்தான்.

இன்றைக்கு ஒரு சாதாரண பேண்டில் மெட்டு வாசிக்க ஃபிடிலும் மெலோடியனும், சில இடங்களில் கான்சர்ட்டினாவும் இருக்கும். அடித்தளத்துக்கு கிட்டார் அல்லது பியானோ, முடிந்தால் ஒரு பேஸ், பெரிய பேண்ட் என்றால் டிரம்ஸ். சில பேண்டுகளில் சாக்ஸஃபோன், டிராம்போன்கூட இருக்கும், அது கலப்படம் என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு, ஆனால் ஆடுகிற கால்கள் இதுவரை புகார் சொன்னதில்லை. நாட்டின் வடகிழக்கு ஓரமான நார்தம்பர்லாண்டில் ஒரு சின்ன பேக்பைப் இருக்கிறது, வாயால் ஊதாமல் முழங்கைக்குக் கீழே ஒரு துருத்தியை அழுத்தி வாசிப்பது, குழலின் முனை அடைத்திருப்பதால் எல்லாத் துளைகளையும் மூடினால் சத்தம் நின்றுவிடும், அதனால் ஒவ்வொரு ஸ்வரமும் பட்டாணி மாதிரி தனித்தனியாக உதிரும். கிழக்கே நார்ஃபோக் பக்கம் போனால் சிறு சுத்திகளால் கம்பிகளைத் தட்டி வாசிக்கிற டல்சிமர், நம் சந்தூருக்கு உறவு.

மெலோடியனைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கிலாந்து நடன இசையின் குணம் பாதி அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. பார்க்கச் சின்ன அக்கார்டியன் போல இருக்கும், ஆனால் பியானோக் கட்டைகள் கிடையாது, பொத்தான்கள்தான். நம் ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தினால் எப்போதும் ஒரே ஸ்வரம். மெலோடியனில் ஒரே பொத்தான் துருத்தியைத் தள்ளும்போது ஒரு ஸ்வரமும் இழுக்கும்போது இன்னொரு ஸ்வரமும் கொடுக்கும். ஒரு வரிசைப் பொத்தான்களில் தள்ளினால் ஸ, க, ப கிடைக்கும். இழுத்தால் ரி, ம, த, நி. ஆக, ஸ ரி க ம ப என்று ஏறினால் தள்ளு, இழு, தள்ளு, இழு, தள்ளு. ஒவ்வொரு திருப்பத்திலும் காற்று ஒரு கணம் அறுந்து மறுபடி பிடிக்கிறது. வாசிக்கிறவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இசைக்கு ஒரு உந்தல் வந்துவிடும், மூச்சு வாங்கி மூச்சு விடுகிற மாதிரி. அந்த உந்தலில்தான் குதிகால் தரையை விட்டுக் கிளம்புகிறது. வழுவழுவென்று ஓடுகிற இசைக்கு நடக்கலாம், இதற்குக் குதிக்காமல் இருக்க முடியாது.

வழக்கமான நடன மெலோடியனில் டி ஒரு வரிசை, ஜி ஒரு வரிசை. அதனால் முக்கால்வாசி மெட்டுகள் இந்த இரண்டு சுருதியில்தான் போகும். ஃபிடிலுக்கும் இது வசதி, தந்திகளே ஜி, டி, ஏ, ஈ என்றுதான் கட்டியிருக்கிறது. கிளாரினெட்டோ டிரம்பெட்டோ கொண்டுவருகிறவர்கள்தான் பாவம்.

கான்சர்ட்டினா அறுகோணச் சிறு பெட்டி, இரண்டு கைக்கும் நடுவே அடங்கிவிடும். இதில் முக்கியமாக இரண்டு சாதி. ஆங்கிலோ என்பது மெலோடியன் மாதிரி தள்ளினால் ஒன்று, இழுத்தால் ஒன்று. அதன் முன்னோடியை 1834-இல் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரத்தில் கார்ல் ஊலிக் என்பவர் செய்தார். இங்கிலீஷ் என்பதில் எந்தப் பக்கம் போனாலும் அதே ஸ்வரம். அதை உருவாக்கியவர் சார்லஸ் வீட்ஸ்டோன். ஆமாம், பள்ளிக்கூட இயற்பியலில் மின்தடையைக் கண்டுபிடிக்க வரைந்தோமே வீட்ஸ்டோன் சமனச்சுற்று, அதே ஆள்தான். வேடிக்கை என்னவென்றால் அந்தச் சுற்றைக் கண்டுபிடித்தவர் அவர் இல்லை, சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி கண்டுபிடித்ததை அவர் பரப்பினார். கான்சர்ட்டினாதான் அவர் சொந்தச் சரக்கு. குடும்பத் தொழிலே வாத்தியம் செய்து விற்பது.

ஃபிடில் என்பது வயலின்தான், வேறு வாத்தியம் இல்லை, இந்தக் கேள்வி எல்லாரும் கேட்பார்கள். வாசிக்கிற இடமும் விதமும்தான் பெயரை மாற்றுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மெட்ராஸில் வெள்ளைக்காரர்கள் பேண்ட் வைத்து வாசித்துக்கொண்டிருந்த சூழலில்தான் பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்று நம் கச்சேரிக்குள் கொண்டுவந்தார். அவர் அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் அந்த பேண்ட் மெட்டுகளைப் பிடித்து சமஸ்கிருதத்தில் நோட்டுஸ்வர சாகித்தியங்கள் எழுதினார், 'சந்ததம் பாஹிமாம்' பாடினால் பிரிட்டிஷ் தேசிய கீதம் கேட்கும். அதனால் எனக்கு இந்த மெட்டுகள் அந்நியமாகப் படவில்லை. கைதான் அந்நியமாக இருந்தது. கணுக்காலில் வாத்தியத்தை ஊன்றிக்கொண்டு கமகம் போட்டுப் பழகிய விரல், நடன மெட்டில் ஒரு ஸ்வரத்தைக் கொஞ்சம் அசைத்தால் போதும், அடி எங்கே விழுகிறது என்பது மங்கிவிடும். அலங்காரம் கூடாது என்று இல்லை, நிறையவே போடலாம், ஆனால் ஸ்வரத்தின் ஓரம் கத்தி மாதிரி தெரிய வேண்டும். இடது கையை மறந்துவிட்டு வில் பிடிக்கிற கையைக் கவனி என்பதுதான் எனக்குச் சொன்ன முதல் அறிவுரை.

தாள வகைகளுக்கு ஆங்கிலத்தில் பெயர் பட்டியலே இருக்கிறது, ஆனால் நமக்குச் சொற்கட்டால் சொன்னால் சட்டென்று பிடிபடும். ஜிக் என்றால் தகிட தகிட, ஒவ்வொரு தகிடவுக்கும் ஓர் அடி. ரீல் என்றால் தகதிமி தகதிமி. போல்காவும் இரண்டிரண்டு அடிதான், ஆனால் ஸ்வரங்கள் குறைவு, இடைவெளியும் துள்ளலும் அதிகம். ஹார்ன்பைப்பை இன்றைக்கு வாசிக்கிற விதத்தில் தா-க தா-க என்று ஒன்று நீண்டு ஒன்று குறுகும், நொண்டியடிக்கிற நடை. வால்ட்ஸ் மெதுவான தகிட. இவ்வளவு தெரிந்தால் ஒரு மாலை முழுக்க ஓட்டிவிடலாம். காலர் 'இந்த நடனத்துக்கு ஒரு ஜிக் கொடுங்கள்' என்பார், அல்லது 'ஸ்டெப்-ஹாப் ஆடுகிற மாதிரி ஏதாவது' என்பார், அதற்கு ஹார்ன்பைப். ஸ்டெப்-ஹாப் என்பது ஓர் எட்டு வைத்து அதே காலில் ஒரு சின்னத் துள்ளல், துள்ளி முடிக்க நேரம் வேண்டும், அவசரப்படுத்தினால் ஆள் மூச்சிரைத்துப் போவார்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கற்றுக்குட்டி இசைக்காரர் எல்லாருக்கும் வருகிற வியாதி, உற்சாகத்தில் ஓட்டுவது. நடந்து ஆடுகிற நடனத்துக்கு நிமிஷத்துக்கு 110-லிருந்து 120 அடி போதும். அதற்கு மேல் போனால் கேட்கக் கிளர்ச்சியாக இருக்கும், ஆடுகிறவர் ஒவ்வொரு முறையும் அரை அடி பின்தங்கி, கடைசியில் ஓடி வந்து சேருவார். ஹாலில் கும்பல் எப்படி, தரை மரமா சிமெண்டா, சாப்பாடு முடிந்ததா முடியவில்லையா என்பதை எல்லாம் பார்த்து வேகத்தை வைக்க வேண்டும். கல்யாண வீட்டில் இரவு பத்து மணிக்கு நாலு கிளாஸ் பியர் உள்ளே போனவர்களுக்கு வாசிக்கும்போது கொஞ்சம் மெதுவாகப் போவதே புண்ணியம்.

இந்த மெட்டுகள் எங்கிருந்து வந்தன? எழுத்தில் பார்த்தால் எல்லாரும் காட்டுகிற முதல் கல் 1651. முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டி இரண்டே வருஷம், கேளிக்கைக்கே ஆகாத காலம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிற பியூரிட்டன் ஆட்சி, அப்போது லண்டனில் ஜான் பிளேஃபோர்ட் என்கிற பதிப்பாளர் 105 நடனங்களை ஒரு சின்னப் புத்தகமாகப் போட்டார். பக்கத்தின் மேலே ஒற்றை வரி மெட்டு, கீழே யார் எங்கே போக வேண்டும் என்ற குறிப்பு, அவ்வளவுதான். பக்கவாத்தியம் என்ன செய்ய வேண்டும் என்று ஒன்றும் கிடையாது. அடுத்த முக்கால் நூற்றாண்டில் அது 18 பதிப்பு கண்டது. இன்றைக்கும் அந்தப் பழைய நடனங்களை நளினமாக ஆடுகிற குழுக்கள் இருக்கின்றன, 'பிளேஃபோர்ட்' என்பது ஒரு பாணியின் பெயராகவே ஆகிவிட்டது. ஜேன் ஆஸ்டின் கதைகளைப் படமாக எடுக்கும்போது கையுறை போட்டு ஆடுகிறார்களே, அந்த வகை. கேலியில் வியர்க்கும், இதில் வியர்க்கக் கூடாது.

ஆனால் புத்தகத்தை வைத்து இந்த மரபு பிழைக்கவில்லை. கிராமத்தில் வாசித்தவர்கள் செருப்புத் தைக்கிறவர்கள், கொத்தனார்கள், தையற்காரர்கள், பண்ணையாட்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பல கிராமத் தேவாலயங்களில் ஆர்கன் கிடையாது, மேற்குப் பக்கத்து மாடத்தில் ஃபிடிலும் பேஸும் கிளாரினெட்டும் வைத்துக்கொண்டு ஊர்க்காரர்களே வாசித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை துதிப் பாட்டு வாசித்த அதே கை, மற்ற நாளில் ஊர் நடனத்துக்கு வாசிக்கும். ஒரே நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் துதிப் பாட்டு, புரட்டிப் பிடித்தால் மறுபக்கம் ஜிக் என்று எழுதி வைத்திருந்தவர்களும் உண்டு. அப்புறம் ஆர்மோனியமும் ஆர்கனும் வந்து இவர்களை மாடத்திலிருந்து இறக்கிவிட்டன.

நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி அப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளை. அப்பாவும் தாத்தாவும் டார்செட்டில் ஸ்டின்ஸ்ஃபோர்ட் தேவாலய பேண்டில் வாசித்தவர்கள், இவரும் சிறுவனாக இருந்தபோதே நடனங்களுக்கு ஃபிடில் எடுத்துக்கொண்டு போனவர். ஒரு வீட்டில் பன்னிரண்டு ஜோடிகள் சலிக்காமல் ஆட, இவர் முக்கால் மணி நேரம் நிறுத்தாமல் ஒரே மெட்டை வாசித்தாராம். பையனுக்கு ரத்தக்குழாய் வெடித்துவிடும் என்று பயந்து வீட்டுக்கார அம்மா வந்து வில் பிடித்த கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. முக்கால் மணி நேரம்! மேலே சொன்ன கணக்கில் போட்டால் எண்பது சுற்றுக்கு மேல். நாலே கால் நிமிஷத்துக்கே என் தோள்பட்டை பேசுகிறது.

இன்னொருவர், சஸெக்ஸில் வார்ன்ஹம் கிராமத்து மைக்கேல் டர்னர், 1796-இல் பிறந்து 1885-இல் இறந்தவர். தேவாலயத்தில் பணி, கையில் ஃபிடில், பாட்டுக்காரர்கள் முந்திக்கொண்டு ஆரம்பிக்காதபடி தலையை ஆட்டி அடக்கி வைப்பார் என்று கல்லறைக் கல்லிலேயே பொறித்திருக்கிறார்கள். அவர் பெயரில் ஒரு வால்ட்ஸ் இருக்கிறது, இன்றைக்கும் இங்கிலாந்து முழுக்க பேண்டுகள் வாசிக்கிற மெட்டு, 'ஆகா, அசல் கிராமத்து மணம்' என்று நாமும் தலையாட்டிக்கொண்டு கேட்போம். அது மோட்சார்ட்டின் ஜெர்மன் நடனத் தொகுப்பு ஒன்றிலிருந்து வந்தது. டர்னர் தன் நோட்டில் பிடித்து வைத்திருந்தார், அது ஊரில் பரவிவிட்டது. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். நாட்டுப்புற இசை என்றால் மண்ணிலிருந்து தானாக முளைத்தது என்கிற எண்ணம் இருக்கிறதே, டர்னருக்கு அந்தக் கவலையே கிடையாது. ஆட வசதியாக இருந்தது, எடுத்துக்கொண்டார்.

பின்னால் வந்த மறுமலர்ச்சிக் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1899 கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள், ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்து ஹெடிங்டனில் சிலர் மோரிஸ் என்கிற சடங்கு நடனம் ஆடியதை செசில் ஷார்ப் என்கிற இசை ஆசிரியர் பார்த்தார். கான்சர்ட்டினா வாசித்தவர் வில்லியம் கிம்பர், கொத்தனார். குளிரில் கட்டட வேலை நின்றுபோய்க் கையில் காசில்லாததால் பருவம் தப்பி ஆட வந்திருந்தார்கள். ஷார்ப் மறுநாள் கிம்பரைக் கூப்பிட்டு மெட்டுகளை எழுதிக்கொண்டார், அப்புறம் பிளேஃபோர்டையும் தூசி தட்டினார், 1911-இல் நாட்டுப்புற நடனத்துக்கென்று சங்கம் ஆரம்பித்தார். லண்டனில் அவர் பெயரில் 1930-இல் திறந்த கட்டடம் இன்றும் நடனக்காரர்களின் தலைமையகம். 1951-இல் இளவரசி எலிசபெத் கனடாவில் அமெரிக்க பாணி சதுர நடனம் ஆடிய படம் பத்திரிகைகளில் வர, இங்கிலாந்தே அந்தப் பக்கம் சாய்ந்தது, பேண்டுகளும் அந்த மெட்டுகளை வாசித்தன. 1970-களில் ஓல்ட் ஸ்வான் பேண்ட் மாதிரியான இளைஞர் குழுக்கள், எல்லாரும் அயர்லாந்து ரீலையே வேகமாக வாசித்துக்கொண்டிருக்கிறோமே, நம் ஊர்த் தாத்தாக்கள் என்ன வாசித்தார்கள் என்று திரும்பிப் பார்த்தார்கள். சஸெக்ஸில் கான்சர்ட்டினா வாசித்த ஸ்கான் டெஸ்டர், நார்ஃபோக்கில் ஃபிடில் வாசித்த வால்டர் புல்வர் போன்றவர்களின் ஒலிப்பதிவுகளில் கிடைத்தது மெதுவான, கனமான, ஆனால் துள்ளுகிற ஒரு நடை. போல்காக்கள், ஹார்ன்பைப்புகள். இன்றைக்கு 'இங்கிலீஷ் கேலி' என்று தனியாகச் சொல்கிற பாணி அதிலிருந்து வளர்ந்ததுதான்.

மேடைக்குத் திரும்புவோம். ஒரு நடனம் எப்படித் தொடங்கி எப்படி முடிகிறது? காலர் இசை இல்லாமல் ஒரு தடவை எல்லாரையும் நடக்க வைத்துக் காட்டுவார். பிறகு பேண்டைப் பார்த்துத் தலையசைப்பார். பெரும்பாலும் நாலு பார், அதாவது எட்டு அடிக்கு ஒரு முன்வாசிப்பு, வேகம் இதுதான் என்று கால்களுக்குச் சொல்லிவைக்க. அதன் பிறகு காலரின் குரல் எப்போதும் இசைக்கு ஒரு கை முன்னால் போகும். நாலாவது பார் முடிவதற்குள் 'எதிரே இருப்பவரோடு இடம் மாறு' என்று சொல்லி முடித்திருக்க வேண்டும், ஐந்தாவது பாரில் கால் கிளம்பிவிடும். மூன்றாவது சுற்றுக்கு மேல் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்து மௌனமாகிவிடுவார். அங்கேயிருந்து நடனத்தை நடத்துவது மெட்டு மட்டும்தான்.

இந்த நேரத்தில் பேண்டுக்குள் நடக்கிற இரகசியப் பேச்சு ஆடுகிறவர்களுக்குத் தெரியாது. ஒரே மெட்டை எட்டுத் தடவை வாசித்தால் அலுத்துவிடும் என்பதால் இரண்டு மூன்று மெட்டுகளைக் கோத்து வைத்திருப்பார்கள். மாற்றுவதற்கு ஒரு சுற்று முன்னால் பேண்ட் தலைவர் ஒரு காலைத் தூக்குவார், அல்லது புருவத்தை உயர்த்துவார், 'டி!' என்று சுருதியைக் கத்துகிறவர்களும் உண்டு. ஜி-யில் ஓடிக்கொண்டிருந்த மெட்டு சட்டென்று டி-யில் புது மெட்டாக மாறுகிற அந்த ஒரு கணத்தில் ஹாலில் எங்கிருந்தாவது ஒரு கூவல் கேட்கும். என்ன மாறியது என்று அவர்களுக்குத் தெரியாது, கால் லேசானது மட்டும் தெரியும். காலர் விரலைக் காட்டினால் இன்னும் இத்தனை சுற்று என்று அர்த்தம். அதைக் கவனிக்காத கிட்டார்காரர் எல்லாரும் நிறுத்திய பிறகு தனியாக ஒரு பார் வாசித்துவிட்டு அசட்டுச் சிரிப்பு சிரிப்பார்.

கிட்டார், பியானோ, பேஸ் வாசிக்கிறவர்களைக் குறைத்துச் சொன்னதாக நினைக்க வேண்டாம். உண்மையில் ஒரு பேண்ட் நன்றாக இருக்கிறதா என்பதை நான் இப்போது அவர்களை வைத்துத்தான் முடிவு செய்கிறேன். மெட்டுக்காரர் ஒருவர் திணறினாலும் நடனம் ஓடும், அடியில் இருப்பவர் தடுமாறினால் முடிந்தது கதை. பேஸ் கீழே 'உம்' என்று அடியைக் கொடுக்க, கிட்டார் எதிரடியில் 'ச்சக்' என்று மேலே இழுக்க வேண்டும். காலைக் கீழே வைக்கச் சொல்கிறவர் ஒருவர், தூக்கச் சொல்கிறவர் ஒருவர்.

நீங்களும் வாசிக்க ஆசைப்பட்டால், முதலில் வாசிக்காதீர்கள், ஆடுங்கள். ஒரு மாலை முழுக்க ஆடிவிட்டு வாருங்கள், எந்த மெட்டு உங்களைத் தூக்கியது, எது தூக்கவில்லை என்று முழங்காலுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு பப்புகளில் வட்டமாக உட்கார்ந்து வாசிக்கிற இடங்களைத் தேடிப் போங்கள், பெரும்பாலும் ஓரத்தில் உட்கார்ந்து தெரிந்ததை மட்டும் மெதுவாக வாசித்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். நோட்டைப் பார்க்காமல் இருபது மெட்டு கையில் வந்துவிட்டால் பேண்டுக்காரர்களே கூப்பிடுவார்கள்.

மாலையின் கடைசி நடனம் வழக்கமாக வால்ட்ஸ். காலர் மைக்கை வைத்துவிடுவார், வரிசை, வளைவு எதுவும் இல்லை, ஜோடி ஜோடியாகச் சுற்றுவார்கள், குழந்தைகள் அப்பாவின் ஷூ மேல் ஏறி நின்று ஆடும். விளக்கு போட்டதும் நாங்கள் வயரைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது யாராவது ஒருவர் வியர்வையோடு மேடைப் பக்கம் வருவார், 'அந்த மூன்றாவதோ நாலாவதோ, வளைவுக்குள் நுழைந்தோமே, அதற்கு வாசித்தது என்ன மெட்டு?' என்று கேட்பார். மெலோடியன்காரர் ஒரு பெயர் சொல்வார். ஃபிடில்காரர் அது அதன் பெயர் இல்லை, நார்ஃபோக்கில் வேறு சொல்வார்கள் என்பார். எனக்கு அதன் பெயரே தெரியாது, 'ஜி-யில் ஆரம்பித்து மேலே ஏறுகிற அது' என்றுதான் என் நோட்டில் எழுதியிருக்கிறேன். கேட்டவர் சரி என்று தலையாட்டிவிட்டு, காலை லேசாக நொண்டிக்கொண்டு கோட்டை எடுக்கப் போவார்.